இரண்டாம் நாள் செத்துப்போகும் பேட்டரி

சாயங்காலம் ஐந்து மணிக்கு கேரவனை வாங்க ஆள் வருகிறது. அதற்குள் திருடனைப் பிடித்தாக வேண்டும். திருடன் என்று குடும்பமே கைகாட்டுகிற ஆளோ, மைக்கின் சொந்தச் சித்தப்பா.

"சொந்தச் சித்தப்பாவைப் பிடிக்க பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போற ஒரே ஆள் இந்த உலகத்துல நான்தான் மேடம்," என்றான் மைக், பைக்கை ஓட்டிக்கொண்டே.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு. தூசி உள்ள போகும்," என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த சர்வேயர் அம்மா.

அந்த அம்மாள் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். எரிந்த குடோன்களையும் நசுங்கிய கார்களையும் பார்த்துப் பார்த்து, பொருள் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லுவான் என்ற முடிவுக்கு வந்தவர். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். மைக் அவருக்கு உதவியாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. பேச ஆரம்பித்தால் ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்பான் என்று அவன் மாமா வைத்த பட்டம் 'மைக்'. அதுவே ஒட்டிக்கொண்டது.

இன்றைய வழக்கு அவன் அத்தையுடையது. அத்தை பூகோள டீச்சர். சுவரில் மாட்டிய படத்தில் இதோ மலை, இதோ கடல் என்று பிரம்பால் தொட்டுக் காட்டியே காலம் போய்விட்டது. ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. "ரிட்டயர் ஆனதும் போலாம்," என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். ரிட்டயர் ஆனதும் அத்தை நிஜமாகவே கிளம்பிவிட்டாள். ஒரு பழைய கேரவன் வாங்கினாள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ்.

கேரவனில் இரண்டு விதமான பேட்டரி உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. இன்னொன்று வீட்டு பேட்டரி. விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் அதன் தலையில். அந்த ஃப்ரிட்ஜில்தான் மாமாவின் இன்சுலின் இருந்தது. ஃப்ரிட்ஜ் நின்றால் பயணமும் நின்றது.

முதல் பயணத்தில் இரண்டாம் நாள் ராத்திரியே வீட்டு பேட்டரி மண்டையைப் போட்டது. வண்டியோடு வந்த கிழட்டு பேட்டரிகள், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். புதுசு எது வாங்குவது என்று அத்தை பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். பேட்டரிக் கடை வைத்திருக்கும் தன் தம்பியிடம் ஆயிரம் கேள்வி கேட்டாள். கடைசியில் ஆசிட் பேட்டரி வேண்டாம், லித்தியம்தான் என்று முடிவு செய்து அவன் கையாலேயே மாட்டிக்கொண்டாள். அடுத்த பயணம், இரண்டாம் நாள் ராத்திரி, இருட்டு. கடைக்குக் கொண்டுபோனால் பேட்டரி குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது. மூன்றாவது பயணம், மறுபடியும் இரண்டாம் நாள் ராத்திரி, இருட்டு.

அத்தை திரும்பி வந்த கையோடு தம்பி கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த கடை வாசலில் நின்று, "கூடப் பிறந்தவளையே ஏமாத்திட்டியேடா," என்று கத்தினாள். அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

"என் தம்பி திருடனா இல்லையா, வண்டி கைமாறுறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்," என்று காலையில் ஆபீசுக்கு வந்து அழுதாள். அழுகிற அத்தையை மைக் அதற்கு முன் பார்த்ததில்லை.

*

கடையில் சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாடா துப்பறியும் சிங்கம். விலங்கு கொண்டாந்திருக்கியா?"

"விலங்குக்கு ஆர்டர் கொடுத்திருக்கு சித்தப்பா. உங்க கை சைஸ் வேணுமாம்."

சித்தப்பா சிரிக்கவில்லை. மைக்கும் மூன்று வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனை இப்படிப் பேசவைத்தது.

சர்வேயர் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "பழையது ரெண்டு இருந்த இடத்துல நீங்க ஒண்ணுதான் வச்சிருக்கீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"எல்லாருக்கும் எண்ணத் தெரியும் மேடம். ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல உறிஞ்சினா அது சீக்கிரம் படுத்துடும். அதனால ரெண்டு வேணும். லித்தியத்தை அடிவரைக்கும் உறிஞ்சலாம். ஒண்ணு போதும். எங்கக்காவுக்கு இது தலைகீழாப் பாடம். அவதான் இதை எடுத்தா."

"வெளியில லித்தியம்னு ஸ்டிக்கர் ஒட்டி, உள்ள பழசை வச்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சித்தப்பாவின் முகம் கறுத்தது. ஆனாலும் எழுந்தார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டவென்று அலமாரியில் இரண்டு பேட்டரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு. "தூக்கிப் பாருங்க, வெயிட்டுலயே தெரிஞ்சுடும். தூக்க வேண்டாம்னா சாகும்போது பாருங்க. ஆசிட் பேட்டரி படுத்துக் கிடந்து சாகும். பல்பு மஞ்சளாகி, மங்கி, இழுத்துக்கிட்டுக் கிடக்கும். லித்தியம் அப்படி இல்ல. கடைசி நிமிஷம் வரைக்கும் பளிச்சுன்னு எரியும். அப்புறம் நின்ன நிலையில போயிடும்."

"நல்ல சாவுதான்," என்றான் மைக்.

"கொடுத்து வச்ச பேட்டரி. நான்தான் இழுத்துக்கிட்டுக் கிடக்கேன்." சித்தப்பா துணியால் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அவ திட்டினது கூடப் பரவாயில்லடா. கடையில இருந்தவங்க எல்லாரும் வாங்கின சாமானை வச்சுட்டுப் போயிட்டாங்க. இந்தக் குடும்பத்துல உங்க மாமா ஒருத்தர்தான் மனுஷன். அன்னிக்கே போன் பண்ணினார். 'அவ கிடக்கறா, உன்மேல எனக்குச் சந்தேகமே கிடையாது, மனசுல வச்சுக்காத'ன்னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் இன்னும் கடையைத் திறக்கறேன்."

மாமா என்றால் அப்படித்தான். ஊரில் எந்தச் சண்டையும் அவர் வாசலுக்கு வந்தால் சமாதானமாகித்தான் போகும். சர்வேயர் அம்மா மட்டும் புருவத்தை ஒரு முறை தூக்கி இறக்கினார்.

*

"வாடா மைக்கு. வாங்க மேடம், உள்ள வாங்க. வெயில்ல அலையறீங்களே," என்று மாமா வாசலுக்கே வந்து வரவேற்றார். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, எப்போதும் பாதிச் சிரிப்பில் நிற்கும் முகம். விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை வெளியே கேரவனில் இருந்த பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பயணத்துல, ரெண்டாம் நாள் ராத்திரி என்ன நடந்துச்சு சார்?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"என்னத்தைச் சொல்ல மேடம். படுத்துட்டோம். அவ புஸ்தகம் படிச்சுக்கிட்டிருந்தா. லைட்டு மெல்ல மெல்ல மங்க ஆரம்பிச்சுது. மஞ்சளாச்சு. சரி, இதுவும் போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் அப்படியே அணைஞ்சுடுச்சு." பெருமூச்சு விட்டார். "பாவம், மச்சானை நான் குத்தம் சொல்ல மாட்டேன். வியாபாரம்னா அப்படி இப்படித்தான். ஆனா என்ன பண்றது, கண்ணால பார்த்ததைச் சொல்லித்தானே ஆகணும்."

மெல்ல மங்கியது என்றால் ஆசிட் பேட்டரி. லித்தியம் ஸ்டிக்கருக்குள் ஆசிட் பேட்டரி. சித்தப்பா தன் வாயாலேயே தனக்குக் குழி வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்ததும், "மேடம், இந்த வழக்கை நாம எடுக்கலன்னு வச்சுக்கலாமா?" என்றான்.

"ஏன், மைக்குல சத்தம் குறையுது?"

"சித்தப்பாவோட கல்யாணத்துல நான்தான் மாப்பிள்ளைக்குக் குடை பிடிச்சேன். இப்போ நானே..."

"குடையை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பேட்டரியைத் தூக்கு."

கேரவனுக்குள் கட்டில் பலகையைத் தூக்கினால் அடியில் பேட்டரி. பக்கத்தில் இன்னொன்று இருந்த இடம் காலியாகக் கிடந்தது. மைக் முட்டி போட்டு, ஒயர்களைக் கழற்றினான். ஆசிட் பேட்டரிதானே என்று மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தான். வந்த வேகத்தில் பேட்டரியோடு பின்னால் உட்கார்ந்தான்.

"என்னடா இது," என்றாள் அத்தை.

"அத்தை, இது லேசா இருக்கு." எழுந்து ஒரே கையில் தூக்கிக் காட்டினான். "அச்சு அசல் லித்தியம். ஆசிட் பேட்டரின்னா இந்நேரம் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பீங்க. சித்தப்பா ஏமாத்தல."

அத்தை கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சந்தோஷப்படத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கடை வாசலில் தான் கத்தியது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சர்வேயர் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு லைட் எப்படிப் போச்சும்மா?"

"பட்டுன்னு போச்சு. ஒரு வரியில பாதி படிச்சிருந்தேன். மீதிப் பாதி இருட்டுல போயிடுச்சு."

"மங்கலையா?"

"மங்கினா நானே புஸ்தகத்தை மூடி வச்சிருப்பேனே. கண்ணுக்குக் கெடுதல்னு பிள்ளைங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

மைக் வீட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் மாமாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பெரியவர், அரைத் தூக்கம், ஞாபகப் பிசகு என்று மனசுக்குள் நாலைந்து காரணம் அடுக்கிப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை.

சர்வேயர் அம்மா முன்பக்கம் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "வண்டி யார் ஓட்டுவீங்க?"

"நான்தான். அவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே வேர்க்கும். இந்தப் பக்கமே வரமாட்டார்."

"பயணத்துல வண்டியில வேற ஏதாவது தொந்தரவு இருந்துச்சா? சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

அத்தை யோசித்தாள். "இந்த சீட்டுதான். லாக் லூஸ். முதல் நாள் வழியில டீ குடிக்க இறங்கிட்டுத் திரும்பி வந்தா, சீட்டு பின்னால தள்ளிப்போய்க் கிடக்கும். எனக்குக் கால் எட்டாது. கடைசி ரெண்டு பயணத்துலயும் அப்படித்தான்."

சர்வேயர் அம்மா சீட்டின் லாக்கை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பலம்கொண்டு இழுத்தபோதுதான் விட்டுக் கொடுத்தது. சீட்டைப் பின்னால் தள்ளினார். கீழே காலம்காலமான தூசி, ஒரு பேனா மூடி. நடுவில் திருகும் சிவப்பு சுவிட்ச் ஒன்று. சுற்றிலும் தூசி அப்பிக் கிடக்க, அது மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது. முள் 'ஆஃப்' பக்கம் நின்றது.

"மைக்கு, சித்தப்பாவுக்குப் போன் போடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

சித்தப்பா எடுத்ததும் மைக் கேட்டான். "டிரைவர் சீட்டுக்கு அடியில சிவப்பா ஒரு சுவிட்ச் இருக்கே, அது எதுக்கு?"

"அதுவா? எஞ்சின் ஓடும்போது அதிலேர்ந்து வீட்டு பேட்டரிக்கு சார்ஜ் போற லைன். ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் ஆஃப் பண்ணணும். ஆஃப்ல போட்டு ஓட்டினா நாள் முழுக்க ஓட்டினாலும் பேட்டரிக்கு ஒரு சொட்டு ஏறாது. வீட்டுல ஏத்திக்கிட்டுப் போன சார்ஜ் ரெண்டாம் நாள் ராத்திரியோட..." சித்தப்பாவின் குரல் நின்றது. "டேய். அது ஆஃப்லயா இருக்கு?"

"இருக்கு."

"நான் ஆன்லதான் விட்டேன். கடைக்குக் கொண்டாந்தப்பவும் ஆன்ல இருந்துச்சே."

"இப்படி ஒரு சுவிட்ச் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"அக்காவுக்குத் தெரியாது. மாட்டின அன்னிக்கு அவ உள்ள டீ போட்டுக்கிட்டிருந்தா. மாமா பக்கத்துல நின்னு, இது என்ன, அது என்னன்னு ஆசையாக் கேட்டாரு. அவருக்குத்தான் காட்டினேன்."

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி, கழற்றிவைத்த பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்குக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. மாமா சித்தப்பாவிடம் சொன்னது, உன்மேல் சந்தேகமே இல்லை. அத்தையிடம் சொன்னது, உன் தம்பிதான், நம்ப முடியலைதான், ஆனாலும் அவன்தான். மூன்று வாரத்துக்கு முன் மைக்கின் தோளில் கைபோட்டுச் சொன்னது, "உங்க சித்தப்பன் நல்லவன்தான், ஏதோ சபலம், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாத." மைக்கும் நல்ல பிள்ளையாகப் போகாமல் இருந்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார் மனுஷன். கிள்ளுப்பட்டவர்கள் எல்லோரும் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

*

மாமா டீத் தட்டோடு கேரவன் படியேறி வந்தார். "வாங்க வர்றவர் சீக்கிரமே வந்துடறாராம். சாமான் எல்லாம் எடுத்தாச்சா?" பின்னுக்குத் தள்ளிய சீட்டைப் பார்த்தார். சிவப்பு சுவிட்சைப் பார்த்தார். தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"உட்காருங்க சார்," என்றார் சர்வேயர் அம்மா. குரலில் கோபமே இல்லை. "லைட் மெல்ல மங்கிச்சுன்னு சொன்னீங்க. அது முதல் பயணத்துல நடந்தது. பழைய ஆசிட் பேட்டரி அப்படித்தான் சாகும், அதை நீங்க கண்ணால பார்த்தீங்க. புதுசு செத்ததை நீங்க பார்க்கவே இல்ல. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, எப்போ போகும்னு காத்துக்கிட்டிருந்தீங்க. அதான் பழைய சாவையே புதுசுக்கும் சொல்லிட்டீங்க. ரெண்டாவது பயணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சுவிட்சை ஆன்ல போட்டுட்டீங்க. கடைசித் தடவை, விக்கப்போற வண்டிதானேன்னு விட்டுட்டீங்க."

மாமா சிரிக்கப் பார்த்தார். முகத்தில் பாதிவரைக்கும்தான் வந்தது. "மேடம், இது என்ன சினிமா மாதிரி..."

"என்னங்க," என்றாள் அத்தை. "அவங்களைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க."

மாமா பார்த்தார். தட்டை வெளியே தரையில் வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வெளியில தூக்கம் வராதும்மா. என் கட்டில், என் நாற்காலி, சாயங்காலம் நாலு பேரோட சீட்டாட்டம். இந்த வயசுல எனக்கு அவ்வளவுதான் வேணும். போலாம் போலாம்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீ நிஜமாவே வண்டி வாங்கிட்டு வந்து நின்னப்போ, வேண்டாம்னு எப்படிச் சொல்றது? உன் முகம் வாடிடுமேன்னு நினைச்சேன். பேட்டரி தானாப் போச்சுன்னா யாருக்கும் வருத்தம் இல்லையேன்னு..."

"யாருக்கும் வருத்தம் இல்லையா?" அத்தையின் குரல் உயரவில்லை. "என் தம்பியைத் திருடன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். அன்னிக்கு ராத்திரி உங்க மடியில தலை வச்சுத்தானே அழுதேன். தலையைத் தடவிக் கொடுத்தீங்களே. அப்போ கூடவா சொல்லத் தோணல?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மைக் வெளியே பார்த்தான். அத்தைக்காகக் கோபப்படுகிறானா, தனக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை. இந்த மனிதரைப்போல ஆகவேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். அதை நினைத்தபோது வாய் கசந்தது.

மூடாமல் வைத்திருந்த போனிலிருந்து, "அக்கா," என்றது சித்தப்பாவின் குரல்.

அத்தை போனைக் கையில் வாங்கினாள். பிறகு, "கடையை மூடிடாதடா. நான் வரேன்," என்றாள்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. கேரவனை வாங்க வந்தவர். மாமா பழக்க தோஷத்தில் வரவேற்க எழுந்தார். அத்தை அவருக்கு முன்னால் இறங்கிப்போய், காரின் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கார் பின்னால் நகர்ந்து திரும்பிப் போய்விட்டது.

திரும்பி வந்தவள் கேரவன் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். விற்கப்போகிற வண்டியில் இன்னும் எடுக்காமல் இருந்த, பயணத்துக்கென்று தனியாக வாங்கிய மாமாவின் மருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லுங்க. என்கூட வர உங்களுக்கு இஷ்டமா, இல்லையா?"

மாமா டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இஷ்டமில்ல," என்றார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் வண்டியே வாங்கியிருக்க மாட்டேன்," என்றாள் அத்தை. "நீங்க இல்லாம எங்க போறதுன்னு வீட்டுலயே இருந்திருப்பேன். சந்தோஷமாவே இருந்திருப்பேன். இப்போ என்னால இருக்க முடியாது."

மூட்டை கட்டிய பாத்திரங்களை மறுபடி அவிழ்த்து அலமாரியில் வைத்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை, அவளும் கேட்கவில்லை. மைக் முட்டி போட்டுப் பேட்டரியைப் பழைய இடத்தில் வைத்து ஒயர்களை மாட்டினான். முன்பக்கம் போய் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். பிறகு அத்தைக்குக் கால் எட்டுகிற மாதிரி சீட்டை முன்னால் இழுத்து வைத்தான்.

"உங்களைத் தம்பி கடையில இறக்கிவிடட்டுமா மேடம்?" என்றாள் அத்தை. சர்வேயர் அம்மா தலையசைத்து ஏறிக்கொண்டார். ஏறும்போது மைக்கிடம், "நீ மெதுவா வா," என்று மட்டும் சொன்னார்.

கேரவன் தெருவில் இறங்கி, முனையில் திரும்பி மறைந்தது. மாமா மருந்து டப்பாவோடு வாசலில் நின்றார். ஆறிப்போன டீ, கேரவன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தது.

"கோபம்டா, வேற ஒண்ணுமில்ல," என்றார், கொஞ்சம் பழைய குரலில். மைக்கின் தோளில் கைபோட வந்து, பாதியில் கையை எடுத்துக்கொண்டார். "எங்க போயிடுவா? நாளைக்கு ராத்திரி லைட்டு போனதும் வந்து நிப்பா பாரு."

மைக் பைக் சாவியைத் தேடி எடுத்தான்.

"லைட்டு போகாது மாமா," என்றான். "சுவிட்சை நான் ஆன் பண்ணிட்டேன்."